ஊர் கோர்ட்டில் வளர்ந்த கை

வைகைக்கரை, 12 ஏப்ரல் 2024

அண்ணா, அக்கா பையன் பிளஸ் டூ எழுதி முடிச்சுட்டான். ஆறடி ஒரு அங்குலம். அஞ்சு வருஷமா எங்க ஊர் ஸ்கூல் கோர்ட்லதான் பாஸ்கட்பால் ஆடுறான். காலேஜ் டீமுக்கு ஆள் எடுக்குற டிரையல்ஸுக்கு இன்னும் ஒன்றரை மாசம் இருக்கு. போன வருஷம் இங்கருந்து போன மூணு பேரும் கண்ணாடி போர்டுல லே-அப் (ஓடி வந்து ரிங் பக்கத்துல ஏறிப் போடுற ஷாட்) கூட விழாம திரும்பி வந்தாங்க. ஊர் கோர்ட்ல பழகின கை உள்ளரங்கத்துக்கு ஆகாது, இப்பவே கோயம்புத்தூர் பக்கம் அகாடமியில சேர்த்துடுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜமா?

நடுவட்டம், 12 ஏப்ரல், இரவு

ஆகாது என்பது பொய் தம்பி. ஒன்றரை மாதம் தாராளம். ஊர் கோர்ட்டின் ஒவ்வொரு குறையும் ஆடுகிறவன் கையிலோ காலிலோ ஒரு பழக்கமாக ஏறிவிடும். எது ஏறியிருக்கிறது என்று பார்த்து, வேண்டாததை மட்டும் இறக்க வேண்டும். மொத்தமாகத் துடைத்துவிடக் கூடாது. ஊர் கோர்ட் கொடுக்கும் சில பழக்கங்கள் உள்ளரங்க மரத்தரையில் வளர்ந்த பையன்களுக்குக் காசு கொடுத்தாலும் வராது.

முதலில் ரிங்குக்குப் பின்னால் இருக்கும் போர்டு. பள்ளிகளில் பெரும்பாலும் பிளைவுட் அல்லது பலகை போர்டு. நாலு மழை குடித்து உப்பியிருக்கும், பின்னால் சட்டம் லேசாக ஆடும். பந்து மோதியதும் வேகத்தில் பாதியைப் போர்டே விழுங்கிவிடும். அதனால் பையன்கள் லே-அப்பில் பந்தை ஓங்கி அடிக்கப் பழகிவிடுகிறார்கள். கண்ணாடியோ அக்ரிலிக்கோ அப்படி விழுங்காது. அதே வேகத்தில் அடித்தால் பந்து ரிங்கைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் விழும். போன வருஷம் அந்த மூன்று பேருக்கும் நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

சரிசெய்ய ஒரே வழி, பந்தைப் போர்டை நோக்கித் தள்ளுவதை விட்டுவிட்டு மேல்நோக்கி வைப்பது. ஏறுகிற பந்து ஏறி முடித்து, விழத் தொடங்கும் அந்த நொடியில் போர்டைத் தொட வேண்டும். போர்டில் வரைந்த சின்னச் சதுரம் 59 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம். வலப்பக்கம் போனால் அதன் வலது மேல் மூலை, இடப்பக்கம் போனால் இடது மேல் மூலை. இப்படி மெதுவாக வைத்தால் பலகை போர்டிலும் விழும், கண்ணாடியிலும் விழும். ஓங்கி அடிப்பது பலகையில் மட்டும்தான் விழும். ஒரு நாளைக்கு இரண்டு கையிலும் ஐம்பது ஐம்பது. முதல் வாரம் ஓடாமல், ரிங்குக்கு ஒரு மீட்டர் பக்கத்தில் நின்றே போடட்டும்.

நடுவட்டம், 13 ஏப்ரல்

நேற்றைய குறிப்போடு ஒன்று சேர்க்க வேண்டும். உங்கள் ஊர் போர்டு பழையதாக இருந்தால் அளவே வேறாக இருக்கலாம். இப்போதைய போர்டு 1.80 மீட்டர் அகலம், 1.05 மீட்டர் உயரம், கீழ் விளிம்பு தரையிலிருந்து 2.90 மீட்டர். முன்பு உயரம் 1.20 மீட்டர், கீழ் விளிம்பு 2.75. பழைய போர்டு இன்னும் பல பள்ளிகளில் அப்படியே நிற்கிறது. அடியில் கூடுதலாக 15 செ.மீ. பலகை இருப்பதால், எண்ட்லைன் (ரிங்குக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடு) பக்கம் புகுந்து அடியிலிருந்து ஏறும் பையனின் கை தட்டும். அதற்குப் பயந்து அவன் எப்போதும் சுற்றிக்கொண்டே வருவான். அவனிடம் சொல்லுங்கள்: கல்லூரியில் அந்த இடம் திறந்திருக்கும்.

நடுவட்டம், 15 ஏப்ரல்

ரிங்கை அளந்து அனுப்பியதற்கு நன்றி. போர்டை ஒட்டிய பக்கம் 3.05 மீட்டர், முன்பக்கம் 3.01. நினைத்ததுதான். பையன்கள் தொங்கித் தொங்கி முன்பக்கம் 4 செ.மீ. இறங்கியிருக்கிறது. பார்வைக்குத் தெரியாது, ஆனால் ஆட்டத்தையே மாற்றிவிடும்.

கணக்கு இதுதான். ரிங்கின் உள்விட்டம் 45 செ.மீ., பந்தின் விட்டம் சுமார் 24. ரிங் மட்டமாக இருந்தால், பந்து இரும்பில் படாமல் நுழையக் குறைந்தது 32 டிகிரி சாய்வில் இறங்க வேண்டும். முன்பக்கம் 4 செ.மீ. தாழ்ந்தால் வாய் ஆடுகிறவனைப் பார்த்துத் திறந்துகொள்ளும். 28 டிகிரியில் தட்டையாக வருகிற பந்தும் உள்ளே போகும். ஊரில் 'சும்மா நேரா விட்டாலே விழுது' என்று பெயர் எடுத்தவன், சரியான ரிங்கில் முன்னிரும்பையும் பின்னிரும்பையும் மாறி மாறி அடிப்பது இதனால்தான். கை கெடவில்லை, ரிங் அவனுக்குச் சலுகை கொடுத்துப் பழக்கியிருக்கிறது.

ரிங்கை நிமிர்த்துங்கள். நெருப்பில் காட்டி வளைக்க வேண்டாம், வெல்டிங் இடத்தில் விரிசல் விடும். முதலில் போர்டுக்குப் பின்னால் உள்ள போல்ட்டுகளைப் பாருங்கள். பலகை உளுத்து ஓட்டை பெரிதாகியிருந்தால் ரிங் சரிவதற்குக் காரணம் அதுவே. போர்டுக்குப் பின்னால் 6 மி.மீ. இரும்புத் தகடு ஒன்று வைத்து, போல்ட் அதன் வழியாகப் போகும்படி இறுக்கினால் பாதி சரிவு அப்போதே நிமிரும். மீதிக்கு, ரிங்கின் அடியிலிருந்து போர்டின் கீழ்ச் சட்டத்துக்கு இரண்டு பக்கமும் சாய்வாக இரும்புக் கம்பி கொடுத்து வெல்டிங் வையுங்கள். கடைசியில் முன், இடம், வலம் மூன்று இடமும் டேப் வைத்து 3.05 வருகிறதா பாருங்கள்.

வலையும் கட்டுங்கள். வெறும் ரிங்கில் ஆடினால் பந்து விழுந்ததா விழவில்லையா என்ற சண்டையிலேயே பாதி சாயங்காலம் போகும். பன்னிரண்டு கொக்கி, பன்னிரண்டு கண்ணி, நைலான் வலை.

நடுவட்டம், 16 ஏப்ரல்

தரை. நீங்கள் எழுதியபடி பார்த்தால் வழவழப்பாகச் சிமெண்ட் பூசிய தரை. இதில் மண் தூசி ஒரு படலமாக நின்றால் ஷூ வழுக்கும். வழுக்கும் தரையில் ஓடி வந்து நிற்கிறவன் தன்னை அறியாமல் சின்னச் சின்ன அடியாக வைத்து நிற்பான். ஊரில் யாரும் விசில் ஊதமாட்டார்கள். டிரையல்ஸில் அதுவே டிராவலிங், அதாவது பந்தைத் தட்டாமல் கூடுதல் அடி வைக்கும் தப்பு.

மரத்தரையில் நேர் எதிர். ஷூ சட்டென்று கவ்வும். உடம்பு முன்னால் போய்க்கொண்டிருக்க, கால் மட்டும் நின்றுவிடும். கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் முதல் இரண்டு நாளில்தான். அதற்கு முன்பே இரண்டு காலும் ஒன்றாகத் தரையைத் தொடும் ஜம்ப் ஸ்டாப் பழகட்டும்: முட்டி மடிந்து, இடுப்பு தாழ்ந்து, எடை பாதத்தின் முன்பகுதியில். ஊர்த் தரையைக் கூட்டி, ஈரச் சாக்கை இழுத்துத் துடைத்துவிட்டு, காய்ந்த பிறகு செய்ய வேண்டும்.

ஷூ இரண்டு ஜோடி வேண்டும். மரத்தரைக்கான மென்மையான ரப்பர் அடியைச் சிமெண்டில் போட்டால் ஒன்றிரண்டு மாதத்தில் தேய்ந்துவிடும். தேய்ந்த ஷூவோடு டிரையல்ஸுக்குப் போவது பெரிய தப்பு. புதுசைப் பத்து நாள் முன்பே வீட்டில் போட்டு நடந்து பழக்கிவிட்டு, பையில் வைத்துவிடட்டும்.

டிராவலிங் பற்றி இன்னொன்று. 2017-இல் சர்வதேச விதி மாறியது. ஓட்டத்தில் பந்தைப் பிடிக்கும்போது தரையில் இருக்கும் கால் கணக்கில் வராது, அதற்குப் பிறகு இரண்டு அடி. பழைய விதியிலேயே பழகிய பையன்கள் ஒரு அடியை வீணாக விட்டுவிட்டு அவசரப்பட்டு எறிகிறார்கள்.

நடுவட்டம், 16 ஏப்ரல், இரவு

பந்தை மறந்துவிட்டேன். ரப்பர் பந்தைச் சிமெண்டில் ஆறு மாதம் தட்டினால் மேலே உள்ள புள்ளிகள் தேய்ந்து மொட்டையாகிவிடும். மொட்டைப் பந்தை விரல் நுனியால் பிடிக்க முடியாது, உள்ளங்கை பந்தில் ஒட்டிக்கொள்ளும். உள்ளங்கையில் உட்கார்ந்த பந்து நேராகப் போகாது. நல்ல பந்து ஒன்றை ஷூட்டிங்குக்கு மட்டும் தனியாக வையுங்கள்.

காற்று எவ்வளவு என்பதற்கு மீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 1.80 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் பந்தின் மேற்பகுதி 1.20-க்கும் 1.40-க்கும் நடுவில் வந்து திரும்ப வேண்டும். சுவரில் இரண்டு கோடு போட்டு வைத்தால் சின்னப் பையன்களே பார்த்துவிடுவார்கள். ஊசியை நனைக்காமல் வால்வில் குத்தக் கூடாது. இரண்டு சொட்டு கிளிசரின் போதும், எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். வெயிலில் போட்டு வைத்த பந்து ஒரு பக்கம் புடைத்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு வைத்தியம் கிடையாது.

நடுவட்டம், 19 ஏப்ரல்

இனி எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு வருகிறேன். 'காத்துக்குப் பயந்து பசங்க எல்லாத்தையும் போர்டுல அடிக்கிறாங்க' என்று குறையாக எழுதியிருந்தீர்கள். கம்பம் பள்ளத்தாக்கிலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமும் ஆடி மாதத்தில் தூரத்திலிருந்து நேராக விட்ட பந்து ஒரு சாண் தள்ளிப் போகும். போர்டில் அடித்தால் கொஞ்சம் தப்பிக்கலாம். அதைப் பையன்களுக்குக் காற்றே கற்றுக்கொடுத்தது.

அதை விடச் சொல்லாதீர்கள். ரிங்குக்கு இரு பக்கமும் 45 டிகிரியில், மூன்று நாலு மீட்டர் தூரத்தில், போர்டில் அடிக்கும் ஷாட்டைவிட நம்பிக்கையான ஷாட் கிடையாது. உள்ளரங்கத்தில் வளர்ந்த பையன்கள் அந்த இடத்திலும் நேராகவே விடுவார்கள். விட வேண்டியது, நடுவில், ரிங்குக்கு நேர் எதிரே உள்ள ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்தும் போர்டைத் தேடுவது ஒன்றைத்தான்.

பள்ளமும் மேடுமான தரையில் பந்து எங்கே எழும் என்று சொல்ல முடியாது. அதனால் ஊர்ப் பையன்கள் முட்டிக்குக் கீழேயே தாழ்வாகத் தட்டுவார்கள். இதுவும் சொத்து. மட்டமான தரைக்குப் போனதும் கை சும்மா இருக்கிற மாதிரி இருக்கும், தலையை நிமிர்த்தி ஆட இடம் கிடைக்கும்.

மூன்றாவது, தோற்றால் வெளியே. ஆறு மணிக்கு மேல் ஒரே கோர்ட்டில் இருபது பேர். பாங்க் குமாஸ்தா, லாரி ஷெட் மெக்கானிக், டுட்டோரியல் வாத்தியார், ஒன்பதாம் வகுப்புப் பையன் எல்லோரும் ஒரே அணியில். தோற்ற ஐந்து பேர் மதில் மேல் ஏறி உட்கார்ந்தால் மறுபடி இறங்க முக்கால் மணி நேரம் ஆகும், அதற்குள் இருட்டிவிடும். அதனால் ரிங்கில் பட்டுத் திரும்பும் ஒவ்வொரு பந்துக்கும் உயிரைக் கொடுத்துப் பாய்வார்கள். பயிற்சியாளர்கள் முதலில் பார்ப்பது இந்தப் பாய்ச்சலைத்தான். எந்த அகாடமியும் இதற்கு வகுப்பு எடுப்பதில்லை.

நடுவட்டம், 20 ஏப்ரல்

முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்: அவன் எந்த இடத்தில் ஆடுகிறான்?

வைகைக்கரை, 20 ஏப்ரல்

ஊர்லயே அவன்தான் உயரம் அண்ணா. அதனால சின்ன வயசுலருந்து ரிங்குக்குக் கீழதான். பிவட்.

நடுவட்டம், 20 ஏப்ரல், இரவு

இதுதான் போர்டு, ரிங், தரை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். இத்தனை நாள் நான் எழுதிய வரிசையே தப்பு, இதைத்தான் முதலில் வைத்திருக்க வேண்டும். ஆறடி ஒரு அங்குலம் ஊரில் பிவட், கல்லூரியில் கார்டு, அதாவது ரிங்குக்கு வெளியே நின்று பந்தைக் கொண்டுபோகும் ஆள். டிரையல்ஸுக்கு ஆறடி ஐந்து, ஆறடி ஆறு என்று பையன்கள் வந்து நிற்பார்கள். ரிங்குக்கு முதுகைக் காட்டி நின்று பந்து கேட்டால் அவர்கள் தோளுக்குக் கீழே காணாமல் போய்விடுவான். அவனிடம் பயிற்சியாளர் பார்க்க விரும்புவது முகத்தை ரிங்குக்குக் காட்டி ஆடுவது, இடக்கையில் பந்தைக் கொண்டுபோவது, தூரத்து ஷாட்.

ஆகவே மீதி நாட்களில் பாதி நேரம் இதற்கு. தலையை நிமிர்த்தி, இடக்கையில் கோர்ட் முழுக்கப் போய் வருவது, பத்து முறை. யாராவது ஒருவர் எதிரே நின்று விரல்களைக் காட்ட வேண்டும், அவன் எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டே தட்ட வேண்டும். தரையைப் பார்த்தால் முதலிலிருந்து. பிறகு ஃப்ரீ த்ரோ கோட்டின் இரு முனையிலிருந்தும் நின்று விடும் ஷாட் நூறு. ஊரில் அவன் கற்ற பிவட் வேலை வீணாகாது. தன் உயரக் கார்டு ஒருவன் காக்க வந்தால் ரிங்குக்கு அடியில் கூட்டிப்போய்ப் போடலாம். அது இரண்டாவது ஆயுதம்.

ஊர் ஆட்டத்தில் கடிகாரம் கிடையாது. அங்கே 8 நொடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும், 24 நொடிக்குள் ஷாட் கையை விட்டுக் கிளம்பி, பிறகு ரிங்கில் பட வேண்டும், நம் ஷாட் ரிங்கில் பட்டு நாமே எடுத்தால் 14 நொடிதான். வெளியில் நிற்கும் பையன் ஒருவன் சத்தமாக எண்ணட்டும். மூன்று நாளில் காது பழகிவிடும்.

நடுவட்டம், 24 ஏப்ரல்

மே மாதம் பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டி உங்களுக்குப் பக்கம்தான். கூட்டிக்கொண்டு போங்கள். கொடைக்கானல் மலையடிவாரத்துச் சின்ன ஊர். பாங்க், ரயில்வே, ராணுவ அணிகளெல்லாம் அங்கே வந்து மின்விளக்கு வெளிச்சத்தில் ஆடுகின்றன. ஆட்டத்துக்கு அரைமணி முன்பே போய் வார்ம்-அப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டத்தில் கண் பந்துக்குப் பின்னால் போய்விடும். வார்ம்-அப்பில் ஒரே ஆளை எடுத்துக்கொண்டு அவன் கால் எப்படி நிற்கிறது என்று மட்டும் பார்க்கலாம். ஆறடி ஒரு அங்குல ஆள் ஒருவனைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கட்டும்.

சின்ன ஊர்களுக்குப் பாஸ்கட்பால் எப்படி வந்தது என்று கேட்டிருந்தீர்கள். 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியது ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். அதே ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி தொடங்கினார், இப்போது நந்தனத்தில் இருப்பது. அங்கே படித்து வெளியே வந்த பி.டி. வாத்தியார்கள் போன பள்ளிகளுக்கெல்லாம் ஆட்டமும் கூடவே போனது. உங்கள் ஊர் கோர்ட்டையும் யாரோ ஒரு பி.டி. வாத்தியார் நின்று கயிறு பிடித்துத்தான் போட்டிருப்பார்.

நடுவட்டம், 25 ஏப்ரல்

சான்றிதழ்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கும் படிவங்கள் நாலு. முதலாவது சர்வதேசப் போட்டி, தேசிய சம்மேளனச் செயலாளர் கையெழுத்து. இரண்டாவது மாநில அணிக்காகத் தேசியப் போட்டி, மாநிலச் சங்கச் செயலாளர். மூன்றாவது பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி, பல்கலைக்கழக விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர். நாலாவது தேசியப் பள்ளிப் போட்டி, பள்ளிக்கல்வித் துறையில் விளையாட்டுக்குப் பொறுப்பான அதிகாரி. பையன் பள்ளி அளவில் தேசியப் போட்டிக்குப் போயிருந்தால் நாலாவது படிவத்தை இப்போதே வாங்கிவிடுங்கள். ஐந்து வருஷம் கழித்து அலைந்தால் அதிகாரி மாறியிருப்பார், பதிவேடு எந்த அலமாரியில் என்று யாருக்கும் தெரியாது. பெயரும் தலைப்பெழுத்தும் மார்க் ஷீட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்து வாங்குங்கள்.

வைகைக்கரை, 2 மே 2024

ரிங் நிமித்தியாச்சு அண்ணா. மொத நாள் பாதி ஷாட் வெளிய. இப்ப பரவால்ல. கோர்ட்ல கோடெல்லாம் அழிஞ்சு கிடக்கு, ரிங்குக்கு முன்னால இருக்குற பழைய சரிவுக் கட்டம்தான் லேசா தெரியுது. பழைய ஆட்டக்காரங்க எட்டு பேர் சேர்ந்து பெயிண்ட் வாங்கியிருக்கோம். அளவு சொல்லுங்க.

நடுவட்டம், 2 மே, இரவு

நல்ல காரியம். பழைய கோட்டின் மேலேயே அடித்துவிடாதீர்கள். அடியில் விரிந்த அந்தச் சரிவுக் கட்டமும் 6.25 மீட்டர் மூன்று புள்ளி வளைவும் 2010-இல் போய்விட்டன. ஊரில் பழைய வளைவுக்கு வெளியே நின்று மூன்று புள்ளி போட்டவன் புதுக் கோட்டில் அரை மீட்டர் பின்னால் நிற்க வேண்டும், பந்து முன்னிரும்பிலேயே நின்றுவிடும். சரியான கோடு காலுக்கடியில் இருந்தால்தான் கை பழகும்.

ஆடுகளம் உள்ளளவு 28 மீட்டர், 15 மீட்டர். கோடு எல்லாம் 5 செ.மீ. எல்லைக்கோடு இந்த அளவுக்கு வெளியே வர வேண்டும். நாலு மூலையிலும் ஆணி அடித்து மூலைவிட்டம் பாருங்கள், இரண்டும் 31.76 மீட்டர். அது சேராமல் பெயிண்ட் டப்பாவைத் திறக்க வேண்டாம்.

எண்ட்லைன் உள்விளிம்பிலிருந்து ஃப்ரீ த்ரோ கோட்டின் தூர விளிம்பு 5.80. போர்டின் முகம் எண்ட்லைனிலிருந்து 1.20 உள்ளே தள்ளி நிற்க வேண்டும், அங்கிருந்து அளந்தால் 4.60. கட்டம் இப்போது நேர்ச்செவ்வகம், வெளி அகலம் 4.90. கோர்ட்டின் நடுவில் உள்ள வட்டமும் ஃப்ரீ த்ரோ அரைவட்டமும் 1.80 ஆரம். மூன்று புள்ளி வளைவுக்கு ஆணி அடிக்க வேண்டிய இடம் ரிங்கின் நடுவுக்கு நேர் கீழே, எண்ட்லைனிலிருந்து 1.575. அங்கிருந்து 6.75 கயிறு. பக்கவாட்டில் சைட்லைனிலிருந்து 0.90 உள்ளே நேர்க்கோடு, எண்ட்லைனிலிருந்து 2.99 மீட்டரில் வளைவோடு சேரும். அங்கே சேரவில்லையென்றால் ஆணி இடம் தப்பு. கயிறு நைலானாக இருந்தால் இழுவையில் நீளும். மெல்லிய இரும்புக் கம்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

போர்டைத் தாங்கும் கம்பம் எண்ட்லைனை ஒட்டி நிற்கிறது என்று முன்பு எழுதியிருந்தீர்கள். ஆளுயரத்துக்குப் பஞ்சு மெத்தையோ பழைய லாரி டியூபோ சுற்றிக் கட்டுங்கள். இதைப் பெயிண்டுக்கு முன்பே செய்யுங்கள்.

வைகைக்கரை, 5 மே 2024, காலை

ஆணி அடிச்சாச்சு. நாலு பக்கமும் 28, 15 சரியா வருது. மூலைவிட்டம் ஒண்ணு 31.81, இன்னொண்ணு 31.72. எட்டு பேரும் பிரஷ்ஷோட நிக்கிறோம்.

நடுவட்டம், 5 மே, காலை

பக்கம் சரி, ஆனால் மொத்தமும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒரு சைட்லைனின் இரண்டு ஆணியையும் ஒன்றாக, கோர்ட்டின் நீளவாக்கில் 5 செ.மீ. நகர்த்துங்கள். 31.81 குறைகிற திசையில். எதிர்ப்பக்க ஆணிகளைத் தொட வேண்டாம். பிறகு இரண்டு மூலைவிட்டத்தையும் மறுபடி அளந்துவிட்டு, தரை சுடுவதற்குள் முதல் கோட்டை அடித்துவிடுங்கள்.